அன்ரியல் எஞ்சின் சோர்ஸுக்குள் டிஎல்எஸ்எஸ் பிளகின்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எபிக் கேம்ஸ் தயாரிக்கும் கேம் எஞ்சினான அன்ரியலை அவர்களின் லாஞ்சர் வழியாக இறக்கியிருந்தால், அதில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் பிளகினை (படத்தைச் சிறிய அளவில் வரைந்து, ஏஐ கொண்டு திரை அளவுக்குப் பெரிதாக்கும் அப்ஸ்கேலர்) போடுவது எளிது. ஃபோல்டரைக் காப்பி செய்து, எடிட்டரில் டிக் போட்டு, ஒருமுறை மூடித் திறந்தால் முடிந்தது. அதே பிளகினை, கிட்ஹப்பிலிருந்து சோர்ஸ் எடுத்து நாமே பில்ட் செய்த எஞ்சினுக்குள் வைக்கும்போதுதான் சிக்கல் வரிசை கட்டி நிற்கும். கம்பைல் நடுவில் நிற்கும், எடிட்டர் திறக்க மறுக்கும், திறந்தாலும் படத்தில் மாற்றம் தெரியாது.

இவை பார்க்க வேறு வேறு பிழைகள் போலத் தெரியும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஏதோ ஒரு ஃபைல் வேறொரு எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அதனால் எந்த எரர் வந்தாலும், "இந்த ஃபைல் எந்த எஞ்சினுக்காகப் பில்ட் ஆனது?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, எரர் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்துக் கூகுளில் தேடாதீர்கள். முதல் எரர்தான் காரணம், மற்றவை அதன் பின்னால் வருபவை. விஷுவல் ஸ்டுடியோவின் எரர் லிஸ்ட் வரிசையை மாற்றிக் காட்டும். அவுட்புட் விண்டோவைப் பாருங்கள். அல்லது எஞ்சின் ஃபோல்டரில் புரோகிராம்ஸ் / அன்ரியல்பில்ட்டூல் உள்ளே இருக்கும் லாக் ஃபைலைத் திறந்து, மேலிருந்து கீழே படியுங்கள்.

இங்கே விண்டோஸில், அன்ரியல் 5 வரிசையை வைத்துச் சொல்கிறேன். ஏஎம்டியின் அப்ஸ்கேலரான எஃப்எஸ்ஆர் பிளகினுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் வரிசை சரியா என்று பாருங்கள்

பிளகினைத் தொடும் முன், எஞ்சினை அது இல்லாமல் ஒருமுறை முழுதாகப் பில்ட் செய்து எடிட்டர் திறக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாதவருக்கு, பின்னால் வரும் எரர் எஞ்சினுடையதா பிளகினுடையதா என்றே தெரியாது.

அப்புறம் உங்கள் எஞ்சின் பதிப்புக்கான ஜிப்பை எடுங்கள். என்விடியா ஒவ்வொரு அன்ரியல் பதிப்புக்கும் தனித்தனி ஜிப் தருகிறது. 5.3 எஞ்சினுக்கு 5.4 ஜிப் ஆகாது. ஜிப்புக்குள் டிஎல்எஸ்எஸ், என்ஐஎஸ், ஸ்ட்ரீம்லைன் என்று பல பிளகின்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் டிஎல்எஸ்எஸ் ஃபோல்டரை மட்டும் எஞ்சின் / பிளகின்ஸ் / மார்க்கெட்பிளேஸ் உள்ளே வையுங்கள். சோர்ஸ் பில்டில் மார்க்கெட்பிளேஸ் என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

பிளகினோடு வரும் ரெடிமேட் பைனரிகள் (ஏற்கெனவே கம்பைல் செய்த டிஎல்எல் போன்ற ஃபைல்கள்) லாஞ்சர் எஞ்சினுக்கானவை. அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாகக் கம்பைல் செய்வதுதான் சுத்தமான வழி. ஆனால் பைனரிஸ் ஃபோல்டரை அப்படியே அழித்துவிடக் கூடாது. உள்ளே தேர்ட்பார்ட்டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். டிஎல்எஸ்எஸ்ஸின் உயிரான ‘என்விஎன்ஜிஎக்ஸ்_டிஎல்எஸ்எஸ்’ என்ற டிஎல்எல் அதற்குள்தான் இருக்கிறது. அது என்விடியா தயாரித்துக் கொடுப்பது, நம்மால் கம்பைல் செய்ய முடியாது. வின்64 ஃபோல்டரில் ‘அன்ரியல்எடிட்டர்’ என்று தொடங்கும் டிஎல்எல்களையும் ‘.மாட்யூல்ஸ்’ ஃபைலையும் மட்டும் நீக்குங்கள். இன்டர்மீடியட் ஃபோல்டர் இருந்தால் அதை முழுதாக நீக்கலாம்.

பிறகு ஜெனரேட் புராஜெக்ட் ஃபைல்ஸ் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, உங்கள் புராஜெக்ட்டின் ‘.யூபுராஜெக்ட்’ ஃபைலில் பிளகினை எனேபிள் செய்து, டெவலப்மென்ட் எடிட்டர், வின்64 என்று வைத்துப் பில்ட் கொடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் நின்றால், கீழே எங்கே நின்றது என்று பார்த்துப் படியுங்கள்.

அறிகுறி: கிட்ஹப் பக்கம் 404, அல்லது செட்டப் ஸ்கிரிப்ட் 403 என்று நிற்கிறது

404 என்றால் எபிக் கணக்கும் கிட்ஹப் கணக்கும் இணைக்கப்படவில்லை, அல்லது இணைத்த பிறகு எபிக் அனுப்பிய அழைப்பு மெயிலை ஏற்கவில்லை. 403 பழைய பதிப்புகளில் வருவது. 2023-இல் துணை ஃபைல்களை இறக்கும் இடத்தை எபிக் மாற்றியது. பழைய டேக்குகளில் (கிட்டில் ஒரு வெளியீட்டைக் குறிக்கும் பெயர்) உள்ள ‘கமிட்.கிட்டெப்ஸ்’ ஃபைலுக்கு அந்த மாற்றம் தெரியாது. கிட்ஹப்பில் அந்தந்த ரிலீஸோடு இணைத்திருக்கும் புதிய ஃபைலை எஞ்சின் / பில்ட் ஃபோல்டரில் பழையதன் மேல் வைத்துவிட்டு செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள்.

இடத்தையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் பில்டுக்கு 200 ஜிபி காலியாக வைத்திருப்பது நல்லது. ஃபோல்டர் பாதை குட்டையாக இருக்கட்டும்: டி டிரைவின் வேரிலேயே ‘யூஇ5’ என்று ஒரு ஃபோல்டர் போதும். விண்டோஸின் 260 எழுத்து வரம்பு, மார்க்கெட்பிளேஸ், டிஎல்எஸ்எஸ், இன்டர்மீடியட் என்று ஆழம் கூடக் கூட எதிர்பாராத இடத்தில் முட்டும்.

அறிகுறி: பிளகினுக்கு வருவதற்கு முன்பே கம்பைல் விழுகிறது

சி1060, சி3859, சி1076 ஆகிய எண்கள் வந்தால் கோடில் தவறு தேடாதீர்கள். மெமரி போதவில்லை. விண்டோஸின் பேஜ் ஃபைலைப் பெரிதாக்குங்கள். அதோடு ‘பில்ட்கான்ஃபிகரேஷன்’ எக்ஸ்எம்எல் ஃபைலில் ‘மேக்ஸ்பேரலல்ஆக்ஷன்ஸ்’ மதிப்பைக் குறைத்து வையுங்கள். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் இது வரத்தான் செய்யும்.

சி4668 என்ற எரர், ‘__ஹேஸ்_ஃபீச்சர்’ என்ற பெயரோடு எஞ்சினின் சொந்த ஹெட்டர் ஃபைலில் வந்தால், உங்கள் கம்பைலர் எஞ்சினைவிடப் புதியது. விஷுவல் ஸ்டுடியோ 2022 அப்டேட் ஆகும்போது கம்பைலரும் கூடவே மாறிவிடுகிறது, பழைய எஞ்சின் அதைப் பார்த்ததே இல்லை. விஷுவல் ஸ்டுடியோ இன்ஸ்டாலரில் ‘இண்டிவிஜுவல் காம்போனென்ட்ஸ்’ பக்கம் போய் எஞ்சினின் ரிலீஸ் நோட்டில் பரிந்துரைத்த டூல்செட்டை (கம்பைலர் பதிப்பை) நிறுவுங்கள். 5.4 என்றால் 14.38. பிறகு அதே எக்ஸ்எம்எல் ஃபைலில் விண்டோஸ்பிளாட்ஃபார்ம் பகுதிக்குள் கம்பைலர்வெர்ஷன் என்று அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். எஞ்சின் ஹெட்டரைத் திருத்தி எரரை அடக்குபவர்களும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு ஹெட்டரைத் திருத்தினால் எஞ்சின் பாதி மறுபடி கம்பைல் ஆகும், அடுத்த எரர் வேறொரு ஹெட்டரில் காத்திருக்கும்.

அறிகுறி: பில்ட் வெற்றி என்கிறது, பிளகின் எங்கும் இல்லை

இதற்கு இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி வருகின்றன. ஒன்று, பிளகின் எனேபிள் ஆகவில்லை. இயல்பாக எனேபிள் ஆகாத பிளகினைப் புராஜெக்ட் கேட்டால்தான் புராஜெக்ட்டின் பில்ட் அதைக் கம்பைல் செய்யும். யாரும் கேட்காவிட்டால் ‘எல்லாம் புதுப்பித்த நிலையில்’ என்று சொல்லி முடித்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் எளிதாகக் கண்ணில் படாதது: நீங்கள் திறந்திருப்பது வேறு எஞ்சின். ‘.யூபுராஜெக்ட்’ ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து ‘எஞ்சின்அசோசியேஷன்’ வரியைப் பாருங்கள். ‘5.3’ என்று மட்டும் இருந்தால் அது லாஞ்சர் எஞ்சின். டபுள் கிளிக் செய்தால் அதுதான் திறக்கும். சோர்ஸ் எஞ்சின் என்றால் அடைப்புக்குறிக்குள் நீளமான ஒரு அடையாளக் குறி இருக்கும். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்விட்ச் அன்ரியல் எஞ்சின் வெர்ஷன்’ கொடுத்து உங்கள் சோர்ஸ் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள்.

அதே பிளகின் புராஜெக்ட்டின் பிளகின்ஸ் ஃபோல்டரிலும் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். எஞ்சினில் இருப்பதை விட்டுப் புராஜெக்ட்டில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்க, ஓடுவது இன்னொன்றாக இருக்கும்.

அறிகுறி: ‘மாட்யூல்கள் இல்லை அல்லது வேறு எஞ்சின் பதிப்பில் பில்ட் ஆனவை’

இந்த மெசேஜ்தான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. சில சமயம் ‘மறுபடி பில்ட் செய்யட்டுமா?’ என்று கேட்டு, ஆமாம் என்றால் தோல்வியடையும். சில சமயம் ‘எஞ்சின் மாட்யூல்களை எஞ்சின் ஓடும்போது கம்பைல் செய்ய முடியாது, ஐடிஇ வழியாகப் பில்ட் செய்யுங்கள்’ என்று சொல்லி மூடிக்கொள்ளும்.

நடப்பது என்னவென்றால், பிளகினின் பைனரிஸ் / வின்64 உள்ளே ‘அன்ரியல்எடிட்டர்.மாட்யூல்ஸ்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம், சில வரிகள்தான். அதில் ‘பில்ட்ஐடி’ என்று ஒரு வரி. லாஞ்சர் எஞ்சினுக்கான பிளகினில் அது ஒரு எண், உதாரணமாக 5.3-க்கு 27405482. நீங்கள் சோர்ஸிலிருந்து பில்ட் செய்த எஞ்சினின் பைனரிஸ் / வின்64 உள்ளேயும் அதே பெயரில் ஒரு ஃபைல் உண்டு. அதைத் திறந்தால் அந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குறி இருக்கும். அது உங்கள் மெஷினில் உருவானது. எடிட்டர் தொடங்கும்போது இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துவராவிட்டால் அந்த டிஎல்எல்லைத் தொடக்கூட மாட்டேன் என்கிறது.

இங்கே சிலர் அந்த வரியை மட்டும் எஞ்சினின் குறிக்கு மாற்றி எழுதிவிட்டு, எடிட்டர் திறந்துவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தச் சோதனை இருப்பதே நம்மைக் காப்பாற்றத்தான். எஞ்சினில் ஒரு கிளாஸுக்கு ஒரு மெம்பர் கூடியிருந்தால்கூட, பழைய டிஎல்எல் தவறான மெமரி இடத்தைப் படிக்கும். அது உடனே விழாது. ரெண்டர் திரெட்டில், சம்பந்தமே இல்லாத இடத்தில், எப்போதாவது விழும். அந்த கிராஷைத் துரத்துவதைவிட மறுபடி கம்பைல் செய்வது மேல்.

சரியான வழி: எடிட்டரை மூடுங்கள். பழைய டிஎல்எல்களையும் மாட்யூல்ஸ் ஃபைலையும் நீக்குங்கள் (தேர்ட்பார்ட்டியை விட்டுவிட்டு). விஷுவல் ஸ்டுடியோவில் உங்கள் புராஜெக்ட்டை ஸ்டார்ட்அப் புராஜெக்ட்டாக வைத்துப் பில்ட் கொடுங்கள். புளூபிரிண்ட் மட்டும் உள்ள புராஜெக்ட் என்றால் சொலூஷனில் அதற்கு டார்கெட் இருக்காது. எடிட்டரில் ஒரு வெற்று சி++ கிளாஸைச் சேர்த்தால் வந்துவிடும். பில்ட் முடிந்ததும் இரண்டு மாட்யூல்ஸ் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்ட்ஐடி ஒன்றாக இருந்தால் இந்த மெசேஜ் இனி வராது.

பிளகினில் சோர்ஸ் ஃபோல்டரே இல்லாமல் பைனரி மட்டும் கிடைத்திருந்தால், சோர்ஸ் எஞ்சினுக்கு அது உதவாது. விற்றவரிடம் சோர்ஸ் கேளுங்கள்.

அறிகுறி: ‘ஐடெம்போரல்அப்ஸ்கேலர்’ தெரியவில்லை, ஹெட்டர் ஃபைல் கிடைக்கவில்லை

பிளகின் கம்பைல் ஆகத் தொடங்கி, ரெண்டரர் சம்பந்தப்பட்ட பெயர்களில் வரிசையாக எரர் விழுந்தால், பதிப்பு பொருந்தவில்லை. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் இருக்காது. டிஎல்எஸ்எஸ் பிளகினின் பில்ட் ஸ்கிரிப்டை (‘.பில்ட்.சிஎஸ்’ என்று முடியும் ஃபைல்) திறந்து பாருங்கள். எஞ்சின் ஃபோல்டரைப் பிடித்து, ரன்டைம் / ரெண்டரர் / பிரைவேட் ஃபோல்டரை இன்க்ளூட் பாதையில் சேர்த்திருப்பார்கள். அதாவது எபிக் வெளியாட்களுக்கென்று திறந்துவைக்காத உள்ளறைக்குள் பிளகின் நுழைகிறது. வேறு வழி இல்லை, மோஷன் வெக்டர், டெப்த், எக்ஸ்போஷர் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் உள்ளறையை எபிக் தன் இஷ்டத்துக்கு மாற்றும். டெம்போரல் அப்ஸ்கேலருக்கான (முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துப் படத்தைப் பெரிதாக்குவது) இண்டர்ஃபேஸ் 4.27-இல் ஒரு மாதிரி, 5.0-க்குப் பிறகு வேறு மாதிரி, 5.3-இல் நேம்ஸ்பேஸே மாறி ‘யூஇ, ரெண்டரர், பிரைவேட்’ என்பதற்குள் போய்விட்டது.

ஆகவே ஜிப்பின் பதிப்பைச் சரிபாருங்கள். ‘.யூபிளகின்’ ஃபைலில் ‘எஞ்சின்வெர்ஷன்’ வரி இருக்கும். அந்த எண்ணை மாற்றினால் எச்சரிக்கை மறையும், கோட் மாறாது. நீங்கள் எடுத்திருப்பது ‘யூஇ5-மெயின்’ பிராஞ்ச் என்றால், எந்த ஜிப்பும் அதற்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிவராத பதிப்புக்குப் பிளகின் இருக்காது. ‘5.3’ போன்ற ரிலீஸ் பிராஞ்சுக்கோ ‘5.3.2-ரிலீஸ்’ போன்ற டேக்குக்கோ மாறுங்கள்.

பதிப்பு சரியாக இருந்தும் எரர் வந்தால், உங்கள் டீம் ரெண்டரரைத் திருத்தியிருக்கிறதா என்று கிட் டிஃப் போட்டுப் பாருங்கள். திருத்தியிருந்தால் பிளகினை அதற்கேற்பத் தொட வேண்டியதுதான்.

அறிகுறி: என் மெஷினில் ஓடுகிறது, பக்கத்து மெஷினில் லிங்க் ஆகவில்லை

எல்என்கே1181, ‘இன்புட் ஃபைலைத் திறக்க முடியவில்லை’, கூடவே என்விடியாவின் என்ஜிஎக்ஸ் லைப்ரரி பெயர். நீங்கள் கமிட் செய்து புஷ் செய்தீர்கள், அடுத்தவர் புல் செய்தார், அவருக்கு மட்டும் விழுகிறது.

எபிக்கின் ‘.கிட்இக்னோர்’ ஃபைலின் தொடக்கத்தைப் படியுங்கள். வழக்கமான புராஜெக்ட்டுகளில் இன்னின்னதைத் தவிர்க்கவும் என்று இருக்கும். இங்கே தலைகீழ்: முதலில் எல்லா ஃபைலையும் தவிர்த்துவிட்டு, சோர்ஸ் வகை ஃபைல்களை மட்டும் ஒவ்வொன்றாக அனுமதிக்கிறார்கள். சி++ ஃபைல் போகும், ஷேடர் ஃபைல் போகும், ‘.யூபிளகின்’ போகும். லைப்ரரியும் டிஎல்எல்லும் போகாது. கிட் எந்த எச்சரிக்கையும் தராது. அதனால்தான் பிளகின் முழுதாகப் போனது போலவே தெரிகிறது.

கிட் ஆட் கட்டளையில் கட்டாயப்படுத்தும் ‘-எஃப்’ சுவிட்சைப் போட்டு, டிஎல்எஸ்எஸ் ஃபோல்டரில் உள்ள தேர்ட்பார்ட்டி ஃபைல்களைச் சேருங்கள். சோர்ஸ் பக்கம் உள்ள லைப்ரரிகள், பைனரிஸ் பக்கம் உள்ள டிஎல்எல், இரண்டும் வேண்டும். நீண்ட காலத்துக்கு என்றால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் இக்னோர் ஃபைலில் விலக்கு எழுதி, பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்எஃப்எஸ்ஸில் வைப்பது நல்லது. பிறகு புதிய ஃபோல்டரில் குளோன் செய்து பில்ட் ஆகிறதா பாருங்கள். பழைய ஃபோல்டரில் சோதித்தால் எதுவும் நிரூபணமாகாது.

எல்என்கே2019 வேறு கதை. ஃபைல் இருக்கிறது, ஃபங்ஷன்தான் கிடைக்கவில்லை. எஞ்சினின் அந்த ஃபங்ஷன் மாட்யூலுக்கு வெளியே எக்ஸ்போர்ட் ஆகவில்லை, அல்லது பில்ட் ஸ்கிரிப்டில் அந்த மாட்யூலைச் சார்பாகச் சேர்க்கவில்லை. எஞ்சின் பேட்ச் கூடவே தரும் பிளகின்களில் அந்தப் பேட்சைப் போட மறந்தாலும் இதுதான் வரும்.

அறிகுறி: எடிட்டர் தொடங்கும்போதே ஷேடர் பெயர் சொல்லி விழுகிறது

‘விர்ச்சுவல் ஷேடர் பாதையின் சோர்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை’ என்றால் பிளகினின் ஷேடர்ஸ் ஃபோல்டர் காப்பி ஆகவில்லை, அல்லது யாரோ ‘.யூபிளகின்’ ஃபைலின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். பிளகின் தன் ஃபோல்டரை அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. ‘ஷேடர் வகை எஞ்சின் தொடங்கிய பிறகு லோடானது’ என்றால் ‘.யூபிளகின்’ ஃபைலில் அந்த மாட்யூலின் லோடிங்ஃபேஸ் மாறியிருக்கிறது. ‘போஸ்ட்கான்ஃபிக்இனிட்’ என்று திரும்ப வையுங்கள். ஷேடர்கம்பைல்வொர்க்கரைத் தொடங்க முடியவில்லை என்றால் சொலூஷனில் புரோகிராம்ஸ் பகுதியில் அது இருக்கும், தனியாகப் பில்ட் கொடுங்கள்.

முதல்முறை ஆயிரக்கணக்கான ஷேடர்கள் கம்பைல் ஆவது பிழை அல்ல. காத்திருங்கள்.

அறிகுறி: எல்லாம் திறக்கிறது, படத்தில் வித்தியாசம் இல்லை

முதலில் லாகில் ‘டிஎல்எஸ்எஸ்’ என்று தேடுங்கள். ஆதரவு உண்டா இல்லையா என்று பிளகினே எழுதியிருக்கும். ஆர்டிஎக்ஸ் அல்லாத கார்டில் ஓடாது. டிரைவர் பழையதாக இருந்தாலும் மறுக்கும். ஆதரவு உண்டு என்று வந்தால், புராஜெக்ட் செட்டிங்ஸில் டிஎல்எஸ்எஸ் பகுதிக்குப் போய் எடிட்டர் வியூபோர்ட்டுகளில் அனுமதிக்கும் டிக்கைப் பாருங்கள். அது இல்லாமல் வியூபோர்ட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது. தனி விண்டோவில் கேமை ஓட்டிப் பாருங்கள்.

கண்ணை நம்புவதைவிட எண்ணை நம்பலாம். 4கே திரையில் பெர்ஃபார்மன்ஸ் மோட் என்றால் உள்ளே 1080பி-யில் வரைய வேண்டும். குவாலிட்டி என்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு. கன்சோலில் ‘ஸ்டாட் யூனிட்’ போட்டு, மோடை மாற்றும்போது ஜிபியூ நேரம் இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் ஒன்று அது ஓடவே இல்லை, அல்லது உங்கள் காட்சியின் நெருக்கடி சிபியூவில் இருக்கிறது. இரண்டாவது என்றால் எந்த அப்ஸ்கேலரும் உதவாது.

எஃப்எஸ்ஆரும் டிஎல்எஸ்எஸ்ஸும் ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருந்தால் அசெர்ட் விழுந்து கிராஷ் ஆகலாம். ஒரு காட்சிக்கு ஒரு டெம்போரல் அப்ஸ்கேலரைத்தான் எஞ்சின் ஏற்கும். இரண்டையும் நிறுவி வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஆன் செய்யுங்கள்.

அறிகுறி: எடிட்டரில் ஓடுகிறது, பேக்கேஜ் செய்த கேமில் இல்லை

பேக்கேஜ் ஃபோல்டருக்குள் எஞ்சின் / பிளகின்ஸ் / மார்க்கெட்பிளேஸ் / டிஎல்எஸ்எஸ் / பைனரிஸ் / தேர்ட்பார்ட்டி வரை போய் என்விடியாவின் டிஎல்எல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பில்ட் ஸ்கிரிப்டில் ‘ரன்டைம்டிபென்டென்சீஸ்’ வரி அதைச் சுட்டுகிறதா என்று சரிபார்த்து, பழைய ஸ்டேஜ் ஃபோல்டரை நீக்கிவிட்டு மறுபடி பேக்கேஜ் செய்யுங்கள். எடிட்டர் மெஷினில் இருந்த டிஎல்எல் பில்ட் சர்வரில் இல்லாமல் இருப்பதும் இதே அறிகுறியைத் தரும். அப்போது மேலே சொன்ன கிட்இக்னோர் பகுதிக்குப் போங்கள்.

‘பிரீகம்பைல்டு மேனிஃபெஸ்ட் இல்லை’ என்று பேக்கேஜிங் நின்றால், பேக்கேஜ் செய்வது சோர்ஸ் எஞ்சின் அல்ல, அதிலிருந்து டீமுக்காகத் தயாரித்த இன்ஸ்டால்டு பில்ட். அந்த இன்ஸ்டால்டு பில்டைத் தயாரிக்கும்போது பிளகின் எஞ்சின் மரத்தில் இல்லை, அல்லது கேம் டார்கெட்டுக்காகக் கம்பைல் ஆகவில்லை. பிளகினை உள்ளே வைத்து இன்ஸ்டால்டு பில்டையே மறுபடி தயாரித்து டீமுக்குக் கொடுங்கள்.